40 கி.மீ. நெடுந்தூரக் குதிரைப் போட்டி: குதிரைக்குக் கேடு வராமல் நடத்தவும் ஓட்டவும்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் முதல்முறையாக நெடுந்தூரக் குதிரைப் போட்டி நடத்த நினைக்கும் குழுவுக்கும், அதில் ஓட்டப் போகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. 20 கி.மீ. வீதம் இரண்டு சுற்று, 20 குதிரை என்று வைத்துக்கொண்டு கணக்குகள் சொல்லப்பட்டுள்ளன.

ரேக்ளாவிலும் குதிரை வண்டிப் பந்தயத்திலும் கோட்டை முதலில் தொட்டவர் ஜெயித்தார். இங்கே அப்படியில்லை. கோட்டைத் தொட்ட பிறகு டாக்டர் குதிரையைப் பார்த்து ‘சரி’ என்று எழுதினால்தான் ஓடியதே கணக்கில் வரும். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1. முதலில் டாக்டர், அப்புறம் நோட்டீஸ்

பலர் தேதி குறித்து, நோட்டீஸ் அடித்து, பரிசுத்தொகை அறிவித்த பிறகுதான் டாக்டரைத் தேடுகிறார்கள். அப்போது கிடைப்பவர் மாட்டு வைத்தியத்தில் கெட்டிக்காரராக இருப்பார். ஓடி வந்த குதிரையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பழகியிருக்க மாட்டார். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். டாக்டர்கள் ஒப்புக்கொண்ட தேதிதான் போட்டித் தேதி.

10 குதிரைக்கு ஒரு டாக்டர் என்று வையுங்கள். 20 குதிரைக்குச் சோதனை செய்ய இருவர், சிகிச்சைக்கென்று தனியாக ஒருவர். இந்த மூன்றாவது ஆளுக்குச் சோதனை வேலை எதுவும் தரக் கூடாது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஒரு குதிரை படுத்துவிட்டால், சோதனை டாக்டர் அங்கே ஓடுவார். வரிசை குலையும், நேரக்கணக்கு கெடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பது நமக்கு வசதி. குதிரை பார்த்துப் பழகியவர்களை அங்கே விசாரிக்கலாம்.

மண்டலக் கால்நடைப் பராமரிப்புத் துறை இணை இயக்குநருக்கும் காவல் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணைப் பலகையில் எழுதிப் போடலாம். ஆனால் அதை மட்டும் நம்பிப் போட்டி நடத்தக் கூடாது. அது மாவட்டம் முழுக்கச் சுற்றும் வண்டி.

டாக்டரின் அதிகாரத்தையும் அப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள்: குதிரையை நிறுத்தும் முடிவு அவருடையது, விழாக்குழுத் தலைவர் சொன்னாலும் மாறாது. போட்டியன்று இதைப் பேசி முடிவு செய்ய முடியாது.

2. மாதமும் நேரமும்

மார்கழி, தை, மாசி முன்பாதி. இதற்கு வெளியே 40 கி.மீ. வைக்க வேண்டாம். பங்குனியிலும் சித்திரையிலும் கரூர், தாராபுரம் பக்கத்து வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஆடி தேவலையே என்று சிலர் நினைப்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடும். குதிரை லிட்டர் லிட்டராக வியர்த்திருக்கும், மேல் காய்ந்து கிடக்கும். ஓட்டுபவர் “வேர்க்கவே இல்லீங்க” என்பார்.

வெப்பத்தைக் கணிக்க ஃபாரன்ஹீட் அளவையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டிப் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு: 130-க்குள் பயமில்லை, 150-க்கு மேல் கவனம், 180-க்கு மேல் ஓட்டவே கூடாது. நம் ஊருக்கு இது ஆகாது. 39 டிகிரி செல்சியஸ், 35 விழுக்காடு ஈரப்பதம் என்றால் 102-உம் 35-உம் சேர்ந்து 137. கணக்குப்படி பெரிய பயமில்லை! மேலே அடிக்கும் வெயில் இந்தக் கூட்டலில் இல்லவே இல்லை. அதே வெயிலில் ‘டபிள்யூ.பி.ஜி.டி.’ கருவியை வைத்தால் 30-ஐத் தாண்டிக் காட்டும். காற்று, ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்து அளப்பது அந்தக் கருவிதான். 28 வரை வழக்கம்போல் நடத்தலாம். அதற்கு மேல் ஓய்வை நீட்டுங்கள், வேகத்தைக் குறையுங்கள். 33-ஐ எட்டினால் போட்டியை நிறுத்துங்கள். கருவியை வெயிலில், குதிரைகள் நிற்கும் இடத்தில் வையுங்கள்; பந்தல் நிழலில் வைத்துப் படிப்பது பொதுவாக நடக்கும் தவறு.

தை மாதம் காலை 6.15-க்குத் தொடங்கினால், மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் முதல் சுற்று 7.55-க்கு முடியும். இதயத்துடிப்பு இறங்க 10 நிமிடம், ஓய்வு 40 நிமிடம், பிறகு இரண்டாவது சுற்று. 10.25-க்குக் குதிரை வந்துவிடும். மணிக்கு 10 கி.மீ. போகிறவரும் 11 மணியை ஒட்டி முடிப்பார். தலைவர்கள் கொடியசைக்க வரும் நேரத்துக்காக 7.30-க்குத் தள்ளினால், கடைசிக் குதிரைகள் உச்சி வெயிலில்தான் வரும். கொடியசைப்பை வேண்டுமானால் பரிசளிப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்வேகத்துக்கும் வரம்பு வேண்டும். புதுக் குதிரைகள் தகுதி பெறும் ஓட்டங்களில் மணிக்கு 16 கி.மீ.தான் உச்சம் என்பது உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் விதி. முதல் போட்டியில் எல்லாருக்கும் அதையே வையுங்கள். அதைவிட வேகமாக வந்தால் பரிசில்லை என்று அறிவித்தால், துரத்தல் தானாகக் குறையும்.

3. தடம்

இட்டேரிகள் நமக்குக் கிடைத்த வரம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, காலுக்குப் புழுதி மண், பாதி வழி நிழல். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரைகளும் மண் தடமாக உள்ள இடங்களில் நல்லவை. துறை அனுமதி வாங்க வேண்டும். தார்ச்சாலையில் ஓட வைக்காதீர்கள். கடந்தே ஆக வேண்டும் என்றால் நடத்திக் கடக்கட்டும்.

தடத்தை மூன்று முறை பார்க்க வேண்டும்: ஒரு மாதம் முன் பைக்கில், ஒரு வாரம் முன் குதிரையில், முதல்நாள் மாலை கால்நடையாக. நடந்து பார்த்தால்தான் முள் தெரியும். சீமைக்கருவேல் வெட்டிய இடத்தில் ஒரு முள் குளம்பின் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியில் ஏறினால் அன்றைக்கு நொண்டல், ஒரு வாரத்தில் சீழ். வெங்கச்சங்கல் பரவிக் கிடக்கும் மேட்டுக்காடுகளில் ‘நடை மட்டும்’ என்று பலகை வையுங்கள். சரளையில் வேகமாக வரும் குதிரைக்கு அடிக்குளம்பு கன்றிப்போகும். அது இரண்டாவது சுற்று முடிந்த பிறகுதான் நடையில் காட்டும்.

தடத்தோரத்திலும், முக்கியமாகக் குதிரை கட்டும் இடத்திலும், அரளி இருக்கிறதா என்று பாருங்கள். நாற்கரச் சாலை நடுவில் வரிசையாக வைத்திருப்பதும் கோயில் நந்தவனத்தில் இருப்பதும் அதுதான். காய்ந்த இலையிலும் விஷம் போகாது. கைப்பிடி இலையே குதிரையைக் கொல்லும். வெட்டிப் போட்ட அரளியைத்தான் குதிரை அதிகம் தின்னும்; பச்சையில் கசப்பு தடுக்கும், காய்ந்தால் அது தெரியாது.

4. தண்ணீர்

குறைவாக மதிப்பிடப்படுவது இதுதான். வெயிலில் வேலை செய்யும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். 40 கி.மீ.க்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கலாம். மேலே ஊற்றிக் குளிர்விக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் 100 லிட்டர். 20 குதிரைக்கு இரண்டு நிறுத்தத்துக்கும் ஊற்ற 4,000 லிட்டர், குடிக்க 800. சிந்துவது, கழுவுவது சேர்த்து 6,000 லிட்டர் டேங்கர் ஒன்று நிறைந்து நிற்க வேண்டும், இன்னொன்று தயாராக இருக்க வேண்டும். ஐஸ் கம்பெனியில் சொல்லி வைத்து ஐஸ் பாளம் வாங்கி டிரம்களில் போட்டு வையுங்கள்.

தடத்தில் 7, 8 கி.மீ.க்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டி அகலமாக, மூன்று குதிரை சேர்ந்து குடிக்கும்படி இருக்கட்டும். ஒன்று குடித்தால் மற்றதும் குடிக்கும்.

காங்கேயம், கரூர் பக்கத்து போர்த் தண்ணீர் உப்பு. ஆற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய பவானிப் பக்கத்துக் குதிரை அதில் வாய் வைக்காது. குதிரைக்காரர் தன் வீட்டுத் தண்ணீரை இரண்டு கேனில் கொண்டு வருவது நல்லது. அல்லது ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் ஒரு கைப்பிடி தவிடு கலந்து கொடுத்துப் பழக்கி, போட்டியிலும் அதையே கலந்தால் வேற்றுத் தண்ணீர் தெரியாது. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் குதிரையை இறக்கவே வேண்டாம். சாயக்கழிவின் உப்பு இறங்கிய ஆறு அது. காங்கிரீட் போட்ட வாய்க்காலிலும் இறக்காதீர்கள், சரிவில் வழுக்கினால் ஏற்ற முடியாது.

5. எந்தக் குதிரை வரலாம்

5 வயது நிறையாத குதிரை வேண்டாம். பல்லைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். விற்றவர் சொன்ன வயது கணக்கில்லை.

அந்தியூர்ச் சந்தையில் ஆடியில் வாங்கிய குதிரையைத் தையில் 40 கி.மீ. ஓட்டலாமா என்று கேட்பார்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்து, அதன் பிறகு முழுதாக 12 வாரம் பயிற்சி கிடைத்திருந்தால் ஓட்டலாம். கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் இல்லை என்ற சான்று கட்டாயம்; அது மனிதருக்கும் தொற்றும். சர்ரா என்னும் இரத்தக் கிருமி நோயைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லேசான காய்ச்சல் வந்து வந்து போகும், உடம்பு மெலியும், ஓட்டத்தில் மூச்சு வாங்கும். “தீனி பத்தலைங்க” என்று கொள்ளுத் தீனியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். டெட்டனஸ் ஊசியும் போட்டிருக்க வேண்டும்.

கல்யாண ஊர்வலத்துக்கு ஆட்டம் பழக்கிய குதிரையும், வண்டிப் பந்தயக் குதிரையும் பார்க்கக் கட்டாக இருக்கும். வண்டிக் குதிரை சில கிலோமீட்டருக்கு முழு வேகத்தில் பழகியது. மெதுவாக நெடுநேரம் போகத் தெரியாது, முதல் சுற்றிலேயே தன்னை எரித்துக்கொள்ளும். இரண்டுக்குமே மறுபடி அடியிலிருந்து பயிற்சி வேண்டும்: வாரம் மூன்று நாள், 8 கி.மீ. நடையும் துள்ளுநடையுமாகத் தொடங்கி, 12 வாரத்தில் 25, 30 கி.மீ.க்கு வர வேண்டும். ஒரு வாரத்தில் தூரத்தைக் கூட்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் தேற மாதங்கள் ஆகும். உடைவது அங்கேதான்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம், இரண்டையும் செ.மீ.யில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 165, நீளம் 150 என்றால் 344 கிலோ. சேணத்தோடு சேர்த்து ஓட்டுபவர் எடை இதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 69 கிலோ. நம் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் பல இந்த அளவில்தான் இருக்கும். 85 கிலோ ஆள் ஏறுவது வழக்கம்தான் என்றாலும் முதுகு அதைத் தாங்காது.

முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் பார விலங்கு விதிகளே தடை செய்கின்றன. சாட்டையும் குதிமுள்ளும் எஃப்.இ.ஐ. நெடுந்தூரப் போட்டிகளில் கிடையாது; உங்கள் போட்டியிலும் வேண்டாம்.

6. தீவனத்தில் நம் ஊருக்கே உரிய ஆபத்துகள்

கோழித் தீவனம். பல்லடத்திலும் நாமக்கல்லிலும் மூலைக்கு ஒரு தீவன ஆலை இருப்பதால், அரைத்த மக்காச்சோளக் கலவை மலிவாகக் கிடைக்கும். கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்கச் சேர்க்கும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையை அரித்துவிடும். கோழி தாங்கும் அளவில் மிகச் சிறு பங்கே குதிரைக்கு எமன். கோழித் தீவனம் போடாவிட்டாலும், அதே எந்திரத்தில் அரைத்த கலவையில் ஒட்டி வரலாம். தப்பிப் பிழைத்த குதிரைக்கு இதயத்தில் தழும்பு தங்கும். வெளியே நன்றாகத் தெரியும், ஓட்டத்தில் திடீரென்று விழும். குதிரைத் தீவனத்தை முழுத் தானியமாக வாங்கி, வீட்டில் அல்லது மாவு மில்லில் உடைத்துக்கொள்ளுங்கள்.

கொழுக்கட்டைப் புல்லும் கோ-4 புல்லும் அடுத்தது. கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் கொழுக்கட்டைப் புல்லில்தான் காங்கேயம் மாடு வளர்ந்தது. மாட்டின் வயிறு அதிலுள்ள ஆக்சலேட்டைச் சமாளிக்கும். குதிரைக்கு அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கூடவே தவிடு அதிகம் என்றால் பாஸ்பரஸ் கூடி, எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும். காரணம் தெரியாத, கால் மாறி மாறி வரும் நொண்டல், முகத்து எலும்பு உப்புதல் எல்லாம் இதன் அறிகுறி. குதிரை மசாலைத் தினமும் ஒரு பங்கு சேர்த்தால் சுண்ணாம்பு ஈடாகும். கடலைக்கொடியும் உதவும், பூஞ்சணம் இருக்கக் கூடாது.

சவுண்டல் தழையைத் தொடர்ந்து போட்டால் பிடரியும் வாலும் கொட்டும். இளஞ்சோளப் பயிர் ஆகவே ஆகாது.

344 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 7 கிலோ காய்ந்த நார்த்தீனி அடிப்படை. ஊறவைத்த கொள்ளு அதற்கு மேல்தான். போட்டியன்று காலை தானியத்தை நிறுத்திப் புல்லை மட்டும் கொடுங்கள். தானியம் தின்றவுடன் இரத்தம் வயிற்றுக்குப் போகும், ஓடும்போது தசைக்கும் அது தேவை. குடலிலிருக்கும் நாரோ தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து ஓட்டத்தில் விடும்.

7. முதல்நாள்

பிக்கப் வண்டியில் தலையை உயரக் கட்டி நான்கு மணி நேரம் கொண்டு வந்தால், மூக்குச் சளி கீழே வடிய வழியில்லாமல் நுரையீரலுக்கு இறங்கும். தலை தாழும்படி கயிறு விடுங்கள். முதல்நாள் மதியத்துக்குள் வந்து சேருங்கள். லாடம் 7 முதல் 10 நாள் முன்பே அடித்திருக்க வேண்டும். ஆணி ஒன்று உயிர்ச்சதையை நெருங்கியிருந்தால் தெரிய சில நாள் ஆகும். முந்தினநாள் அடித்தால் அது போட்டியில் தெரியும்.

மாலையில் டாக்டர் ஒவ்வொரு குதிரைக்கும் அட்டை போடுவார்: ஓய்வில் இதயத்துடிப்பு (28 முதல் 44 இயல்பு), வெப்பம் (37.5 முதல் 38.5 செல்சியஸ்), ஈறு நிறம், வயிற்றின் நான்கு பக்கமும் குடல் சத்தம், முதுகு, வயிற்றுவார் படும் இடம், வாயோரம், கடைசியில் கெட்டித் தரையில் நேராக ஓட்டி நடை. பழைய புண்ணை அட்டையில் படம் வரைந்து குறியுங்கள். நாளை “இது முன்னாடியே இருந்ததுங்க” என்ற பேச்சு வராது.

8. ஓட்டத்தில்

முதல் 5 கி.மீ. எல்லாரும் ஒரே கூட்டம். குதிரை குதிரையைத் துரத்தும். பத்துப் பத்து நிமிட இடைவெளியில் நாலு நாலு குதிரையாக விடுங்கள், நேரக்கணக்கில் சமன் செய்துகொள்ளலாம்.

தண்ணீரைக் கண்டால் நிற்க வேண்டும், பின்னால் இருப்பவர் முந்தினாலும். சூடான குதிரைக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நிறுத்தி வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் குதிரை வேண்டிய மட்டும் குடிக்கலாம், குடித்த பின் ஐந்து நிமிடம் நடை. கடைசி 2 கி.மீ.யை நடையிலும் மெல்லிய துள்ளுநடையிலும் கொண்டு வாருங்கள். அந்தச் சில நிமிடம் டாக்டர் சோதனையில் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கும். எப்படி என்பது அடுத்தது.

9. வெட் கேட்: 15 நிமிடம்

வெட் கேட் என்பது சுற்று முடிந்து டாக்டரிடம் காட்டும் இடம். கோட்டைத் தாண்டியதும் நேரம் குறிக்கப்படும். அதிலிருந்து 15 நிமிடத்துக்குள் இதயத்துடிப்பு 64-க்கோ அதற்குக் கீழோ வந்திருக்க வேண்டும்; எப்போது காட்டுவது என்பது ஓட்டுபவர் விருப்பம். காட்டித் தேறிய நிமிடத்திலிருந்துதான் 40 நிமிட ஓய்வு எண்ணப்படும். ஆகவே நிதானமாக வந்து 4-ஆம் நிமிடம் காட்டுபவர், பறந்து வந்து 14-ஆம் நிமிடம் காட்டுபவரை முந்திவிடுவார். போட்டியின் நுணுக்கம் முழுதும் இதில் இருக்கிறது. குதிரையைக் காப்பதும் ஜெயிப்பதும் இங்கே ஒரே வேலை.

இறங்கியதும் சேணத்தை அவிழுங்கள். நிழல், காற்று, தண்ணீர். ஐஸ் கலந்த தண்ணீரைக் கழுத்து, நெஞ்சு, முதுகு, பின்தொடை என்று உடம்பு முழுக்க நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். இருவர் மாற்றி மாற்றி ஊற்ற, ஒருவர் கடிவாளம் பிடிக்க, ஆள் மூன்று வேண்டும். சூடான தசையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்பது தவறு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் செய்த ஆய்வுகளிலேயே அது தெளிவானது. ஊற்றி ஊற்றி வழிக்க வேண்டும் என்பதும் தேவையில்லை, வழிக்கும் நேரத்தில் இன்னொரு வாளி ஊற்றலாம். செய்யக் கூடாதது ஈரத்துணியைப் போர்த்தி விடுவது. துணிக்குள் வெந்நீர் சேர்ந்து சூட்டைப் பிடித்து வைக்கும்.

துடிப்பை எண்ண, இடது முழங்கை மூட்டுக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வையுங்கள். ‘லப்-டப்’ இரண்டும் சேர்ந்து ஒன்று. புதியவர்கள் இரண்டாக எண்ணி, 56 துடிக்கும் குதிரையை 112 என்று சொல்லிப் பதறுவார்கள். 15 நொடியில் 16 எண்ணினால் 64. டாக்டரிடம் போகும் முன் நீங்களே 60-க்குக் கீழ் பார்த்துவிட்டுப் போங்கள். வரிசையில் நிற்கும்போது நாலைந்து ஏறும். சோதனைப் பாதையில் ஸ்பீக்கர், மேளம், வாணவேடிக்கை எதுவும் கூடாது. ஒரு வெடிச் சத்தத்தில் 56 இருந்தது 80 ஆகும்.

64 தேறியதும் இன்னொரு சோதனை உண்டு. துடிப்பை எண்ணிக் குறித்துவிட்டு, குதிரையை 40 மீட்டர் போய் 40 மீட்டர் வர ஓட்டுவார்கள். ஓடத் தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுவார்கள். 56 என்று இருந்தது 56 அல்லது 52 என்றால் நல்ல நிலை. 4 கூடினால் கவனம். 8 கூடினால், முதல் எண்ணிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தக் குதிரைக்குள் களைப்போ வலியோ தண்ணீர்ப் பற்றாக்குறையோ இருக்கிறது. 64-ஐ மட்டும் பார்க்கும் போட்டிகளில் தவறிப்போவது இத்தகைய குதிரைதான்.

ஓய்வில் முதலில் தண்ணீர், பிறகு நனைத்த புல், அதன் பிறகே உப்பு. குதிரையின் வியர்வை அதன் இரத்தத்தைவிட உப்பானது. அதனால் உப்பை இழந்த குதிரைக்குத் தாகமே எடுக்காமல் போகலாம். சாதா உப்பு இரண்டு பங்கு, பொட்டாசியம் குளோரைடு ஒரு பங்கு கலந்து, 30 முதல் 45 கிராம் வாயில் பிசைந்து கொடுக்கலாம். தண்ணீர் குடித்த குதிரைக்கு மட்டும்! குடிக்காத குதிரைக்குக் கொடுத்தால் உடம்பிலிருக்கும் கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் அந்த உப்பு குடலுக்கு இழுத்துக்கொள்ளும்.

10. நிறுத்தும் முடிவு

நொண்டல், தேறாத துடிப்பு, குடல் சத்தம் இல்லாமை, ஈறு அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்கு மேல் வெளுத்தே இருப்பது. இதில் எந்த ஒன்றும் போதும்.

சிக்கல் மருத்துவத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. “டாக்டர் சார், நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு, இன்னொருக்கா ஓட்டிக் காட்டறனுங்க” என்று உரிமையாளர் கேட்பார். சுற்றிப் பத்துப் பேர் சேர்ந்துகொள்வார்கள். மூன்று ஏற்பாடு செய்தால் இது அடங்கும். சோதனைப் பாதைக்குள் ஒரு குதிரைக்கு ஒரு ஆள்தான். நடையில் சந்தேகம் என்றால் இரண்டு டாக்டர்களும் தனித்தனியே சீட்டில் எழுதித் தரட்டும், பேசிவைத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தப்பட்ட குதிரைக்கும் கலந்துகொண்ட சான்றிதழ் அன்றே கொடுங்கள். தோற்றுப்போனதாக மேடையில் பேசாதீர்கள்.

பரிசுத்தொகையை முதல் மூவருக்கு அள்ளிக் கொடுப்பதைவிட, தேறி முடித்த எல்லாருக்கும் பகிர்வது நல்லது. அத்தோடு, முடித்து ஒரு மணி நேரம் கழித்தும் நல்ல நிலையில் இருக்கும் குதிரைக்குத் தனிப் பரிசு. பெரிய பரிசு எங்கே இருக்கிறதோ ஓட்டம் அங்கேதான் போகும்.

வலிமருந்து கொடுத்து ஓட்டுவதைப் பற்றி: ஃபினைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்சின் ஊசிகள் கூடவே கூடாது. அவை நொண்டலை மறைக்கும், மறைந்த காயம் முறிவாகும். உடம்பில் தண்ணீர் வற்றிய குதிரைக்குச் சிறுநீரகமும் கெடும். விதியில் எழுதுங்கள், இரத்த மாதிரி எடுப்போம் என்று அறிவியுங்கள், இரண்டு குதிரைக்காவது எடுங்கள்.

11. ஆபத்து அறிகுறிகள்

விலாப்பக்கம் இதயத்துடிப்போடு சேர்ந்து ‘தக் தக்’ என்று துள்ளினால் இரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்துவிட்டது. ஓட்டம் அத்தோடு முடிந்தது, டாக்டர் வர வேண்டும்.

பின்தொடை பலகையாக இறுகி, அடி வைக்க மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் தசை சிதைகிறது. நடத்தாதீர்கள்! “நாலு எட்டு நடந்தா சரியாயிடும்” என்பது சாதாரணப் பிடிப்புக்கு. இதில் ஒவ்வொரு அடியும் இன்னும் கொஞ்சம் தசையைக் கிழிக்கும், கிழிந்த தசையின் நிறமி சிறுநீரகத்தை அடைக்கும். வண்டி குதிரையிடம் வரட்டும்.

வயிற்றை உதைத்தல், திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தல், புரளுதல் எல்லாம் வயிற்றுவலி. மாட்டுக்குக் கொடுப்பதுபோல் மூங்கில் கொட்டத்தில் கஷாயம் ஊற்றிவிடாதீர்கள். குதிரைக்கு வாந்தி வராது, வயிறு நிறைந்திருந்தால் வெடிக்கும். பாதி கஷாயம் நுரையீரலுக்கும் போகும். மூக்கு வழியே டியூப் விட்டு இறக்குவதுதான் வழி. அதைச் சிகிச்சை டாக்டர் கையோடு வைத்திருக்க வேண்டும்.

மலத்துவாரத்தில் வெப்பமானி 40-ஐத் தாண்டினால் மற்ற எல்லாவற்றையும் விட்டுக் குளிர்வியுங்கள். 41 என்றால் உயிர் ஆபத்து.

குளுக்கோஸ் பாட்டில் கணக்கையும் சொல்ல வேண்டும். 344 கிலோ குதிரை 6 விழுக்காடு தண்ணீர் இழந்தால் 20 லிட்டர். மனிதருக்கான அரை லிட்டர் பாட்டிலில் 40 பாட்டில்! ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டு ‘ட்ரிப்ஸ் ரெடி’ என்று நினைக்கும் குழுக்கள் உண்டு. ஒரு குதிரைக்கு 30 லிட்டர் ரிங்கர் லாக்டேட், அகலமான ஊசியோடு, குறைந்தது இரண்டு குதிரைக்கு வையுங்கள்.

12. முடிந்த பிறகு

கடைசிச் சோதனைக்கு 20 நிமிடம், ஒரே வாய்ப்பு. அது முடிந்ததும் குதிரையை வண்டியில் ஏற்றுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. உடம்பின் தண்ணீர், உப்புச் சமநிலை கெடும் மெட்டபாலிக் கோளாறுகள் பல இரண்டு, மூன்று மணி நேரம் கழித்தே வெளியே வரும். தின்று, குடித்து, சாணம் போட்டு, சிறுநீர் கழித்த பின், டாக்டர் அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் வளாகத்தை விட்டுப் போகலாம் என்று வையுங்கள். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகப் பிடித்து வைத்து, இந்தக் கையெழுத்தைக் காட்டினால் திருப்பித் தாருங்கள். வாய்ச்சொல்லைவிட அது வேலை செய்யும்.

வீட்டில் அடுத்த இரண்டு நாள் காலையும் மாலையும் குளம்பைத் தொட்டுப் பாருங்கள். நாலு குளம்பும் சூடாக, குளம்புக்கு மேலே நாடித் துடிப்பு கைக்குத் தெரிந்தால், குளம்பு அழற்சி தொடங்குகிறது. மணல் தரையில் நிறுத்திக் குளம்பை ஐஸ் தண்ணீரில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். தானியத்தை மூன்று நாளில் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

40 கி.மீ. ஓடிய குதிரைக்குக் குறைந்தது 5 நாள், 80 ஓடியதற்கு 12 நாள் போட்டி ஓய்வு என்பது எஃப்.இ.ஐ. வைத்திருக்கும் கீழ் அளவு. புதுக் குதிரைக்கு மூன்று வாரம் கொடுங்கள். அடுத்த ஊர்ப் போட்டிக்குப் போகும்போது பழைய அட்டையின் நகலைக் காட்டினால்தான் பதிவு என்று குழுக்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம். நிறுத்தப்பட்ட குதிரை மறுவாரமே வேறு பெயரில் வேறு ஊரில் நிற்காமல் இருக்க, அட்டையில் நெற்றிச் சுட்டி, சுழி, கால் வெள்ளை மூன்றையும் வரைந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொரு போட்டோ ஒட்டுங்கள்.